லோக்சந்த் ஸ்டோர்ஸ், மூன்றாம் மாடி

வீடு பார்க்க வருகிறவர்களில் வாங்குகிறவர் யார், வேடிக்கை பார்க்கிறவர் யார் என்று அவர்கள் லிஃப்டை விட்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாங்குகிறவர் குழாயைத் திறந்து பார்ப்பார், கார் எங்கே நிறுத்துவது என்று கேட்பார், மனைவியை ஜன்னலோரம் கூட்டிப்போய்க் குசுகுசுப்பார். வேடிக்கை பார்க்கிறவருக்கு எல்லாமே சூப்பர். சுவர் சூப்பர், டைல்ஸ் சூப்பர், போகும்போது நாங்கள் கொடுக்கிற ஜில் தண்ணீரும் சூப்பர். எங்கள் ஆபீசில் இவர்களுக்கு டூரிஸ்ட் என்று பெயர். வேதவல்லி அம்மா முதன்முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் குழாயையும் திறக்கவில்லை, சூப்பர் என்றும் சொல்லவில்லை.

நான் ஸ்டெல்லா. ஊர் திண்டுக்கல். கணவருக்கு ஹைதராபாதில் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு அதே ஊரில் ஆபிட்ஸ் கடைத்தெருவில் ஃப்ளாட் விற்கிற வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை என்னோடு வேலை பார்க்கிற சாய்கிருஷ்ணா பார்த்துக்கொள்வான். சனி, ஞாயிறு என் தலையில். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேரோடு நின்று பேசக்கூட நேரமில்லாமல் ஓடிவருகிறவளுக்கு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள் மேல் எவ்வளவு பாசம் பொங்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாங்கள் விற்கிற கட்டடம் வீடாகப் பிறந்ததல்ல. ஐம்பது வருடத்துக்கு முன்னால் லோக்சந்த் என்ற சிந்தி வியாபாரி கட்டிய ஐந்து தளத் துணிக்கடை. துணிக்கடை என்று சொன்னால் வேதவல்லி அம்மாவுக்குக் கோபம் வரும். டிபார்ட்மென்ட் ஸ்டோர். கீழே பாத்திரமும் செருப்பும், முதல் மாடியில் ஆண்கள் துணி, இரண்டாவதில் குழந்தைகள் உடுப்பும் பொம்மையும், மூன்றாவதில் புடவை, அதற்கு மேலே ஆபீசும் ஒரு ஐஸ்கிரீம் கடையும். பேரம் கிடையாது என்று நாலு மொழியில் எழுதிய பலகை வாசலில் தொங்குமாம். கல்யாணம் என்றால் லோக்சந்துக்குப் போ என்று ஊரே சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது. பிறகு பேகம்பேட் பக்கம் பளபளவென்று பெரிய கடைகள் வந்தன. ஆபிட்ஸில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போயிற்று. லோக்சந்தின் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். ஷட்டர் இறங்கியது. பல வருடம் புறாக்கள் குடியிருந்த பிறகு எங்கள் பில்டர் வாங்கி, தூண்களை அப்படியே விட்டுவிட்டு, இடையில் சுவர் எழுப்பி, தளம் தளமாக வீடுகளாக்கிவிட்டார். பெயர் லோக்சந்த் ஹெரிடேஜ். 'நினைவுகள் குடியிருக்கும் இடம்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறோம். அதை எழுதியவர் இங்கே குடியிருக்கப் போவதில்லை.

கடைக்காகக் கட்டியதை வீடாக்கினால் ஒரு சங்கடம் உண்டு. கடைக்கு ஜன்னல் தேவையில்லை. ஓரத்து வீடுகளுக்கு ஜன்னல் வெட்டிவிட்டோம். நடு வீடுகளுக்காகக் கூரையிலிருந்து தரைவரை ஒரு கிணறு மாதிரி துளை போட்டிருக்கிறோம். அதன் வழியாக வெளிச்சத்தைவிடப் புறாதான் அதிகம் வருகிறது. அதனால் மற்றதெல்லாம் விற்றும், மூன்றாம் மாடியில் 302, 303 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நடு வீடுகள் மட்டும் போணியாகாமல் கிடந்தன.

வேதவல்லி அம்மா கேட்டது அந்த 302-ஐ.

"அது கொஞ்சம் இருட்டா இருக்கும்மா. ஓரத்து வீடு ஒண்ணு திரும்ப விலைக்கு வருது. அதக் காட்டட்டா?" என்றேன்.

"நக்கோம்மா. 302 போதும்" என்றார். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற நக்கோ, ஒரு தமிழ் அம்மாள் வாயில் இவ்வளவு சரளமாக வந்தால் அவர் இங்கே வந்து முப்பது நாற்பது வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

எழுபதை நெருங்குகிற வயது. வெளுத்த நூல் புடவை, கையில் ஒரு துணிப்பை, நிமிர்ந்த முதுகு. கதவைத் திறந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தவர், ஹாலின் நடுவில் நிற்கிற தூணுக்கு நாலடி முன்னால் நின்று, அங்கே கழற்றினார். நடு ஹாலில் செருப்பை விடுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெறுங்காலோடு போய்த் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிரில் இருந்த வெள்ளைச் சுவரையே பார்த்தார். நான் விசிறியைப் போட்டேன், நிறுத்தினேன், தொண்டையைச் செருமினேன். அவர் அசையவில்லை.

"விரிசல் ஒண்ணும் இல்லம்மா. நல்ல செவுரு" என்றேன்.

"செவுருதான் புதுசா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வருகைப் பதிவில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். மே மாத வெயிலில் ஆட்டோக்காரன்கூட வெளியே தலைகாட்டாத மத்தியானத்தில் வந்து, அதே இடத்தில் செருப்பை விட்டு, அதே சுவரைப் பார்த்துவிட்டுப் போவார். நாலாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று காலைதான் பில்டர் போன் செய்து, இரண்டு நடு வீடுகளையும் உன்னால் தள்ளிவிட முடியவில்லையே என்று மாமியார் மாதிரி பேசியிருந்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. வீடு வாங்கப் போறீங்களா இல்லையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "இப்படிக் கேட்டா எங்க கடையில அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிடுவாங்க. நூறு புடவையப் பிரிச்சுப் பாத்துட்டு எழுந்து போனாலும் 'மறுபடி வாங்க'ன்னுதான் சொல்லணும்."

"எந்தக் கடையில?"

"நீ நிக்கிற கடையிலதான்."

தூணைத் தொட்டுக் காட்டினார். இந்தத் தூணுக்கு முன்னால்தான் அவர் இருபது வருடத்துக்கு மேல் புடவை காட்டியிருக்கிறார். தூணைச் சுற்றித் தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்களாம். அதில் செருப்புக் கால் படக்கூடாது. மெத்தை தொடங்குகிற இடத்தில்தான் அவர் செருப்பை விடுகிறார். மெத்தை போய் எத்தனை காலமோ ஆயிற்று, காலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எனக்கு என் கேள்வியை நினைத்து வெட்கமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் ஆபீசிலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவர் மாயவரத்துக்காரர். கல்யாணமாகிக் கணவர் ராஜகோபாலோடு காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாத வேலை. அந்தப் பழக்கத்தில் அவர் மற்ற எதையும்கூடச் சொல்வதை விட்டுவிட்டார். "சாம்பார் நல்லா இருக்கான்னு கேட்டா ஹவ்ம்பார். புடவை நல்லா இருக்கான்னு கேட்டாலும் ஹவ். இந்த ஊருக்கு வந்து அவர் கத்துண்ட ஒரே வார்த்தை அது. ஆமான்னு அர்த்தம். நல்ல மனுஷன். ஆனா எதுக்கும் ஆமான்னு சொல்றவர்கிட்ட என்னத்தக் கேக்கறது?" அவர் போய்ச் சில வருடங்களாகின்றன.

மகன் சங்கர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் பகல் முழுக்கப் பேச்சுத் துணை இல்லை. ஒருநாள் பையனுக்குச் சட்டை எடுக்கப் பஸ் ஏறி ஆபிட்ஸ் வந்தவர், லோக்சந்த் வாசலில் பெண் விற்பனையாளர் தேவை என்ற அட்டையைப் பார்த்தார். சட்டை எடுக்கவில்லை, வேலையோடு வீட்டுக்குப் போனார். கணவரிடம் சொன்னபோது, வழக்கம்போல ஹவ்.

புடவைக் கடையில் துணியை மடியில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. காட்டுகிறவள் தன் தோளில் போட்டு, முந்தானையைக் கை நீளத்துக்கு விரித்து நிற்க வேண்டும். கட்டினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் வந்தவர்களுக்குத் தெரியும். காஞ்சிபுரம், பனாரஸ், கத்வால், போச்சம்பள்ளி, எத்தனையோ மணப்பெண்களின் முகூர்த்தப் புடவை முதலில் வேதவல்லி அம்மாவின் தோளில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அதில் ஒன்றில்கூட அவர் தன்னைப் பார்த்ததில்லை. ஆளுயரக் கண்ணாடி அவருக்குப் பின்னால், தூணில் இருந்தது. வேலை செய்கிறவர்கள் திரும்பி அதில் பார்க்கக்கூடாது. பார்த்தால் மேனேஜர் ஓடிவருவார். கண்ணாடி கஸ்டமருக்கு, உனக்கில்லை என்பார்.

"அப்ப உங்களுக்கு ஆசையா இருக்காதா?" என்றேன்.

"ஆசை இல்லாம? வயசு முப்பது. தோள்ல அரக்குக் கலர் பனாரஸ். திரும்பினா கண்ணாடி. திரும்ப முடியாது. அப்பறம்தான் சபீனா வந்தா."

எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார்.

சபீனா ஆம்பூர்ப் பெண். மலக்பேட்டில் வாழ்க்கைப்பட்டவர். புடவைக்கு எதிர்ப்பக்கம் வளையல், பொட்டு, சென்ட் விற்கிற கவுன்ட்டர் அவருடையது. இரண்டு கவுன்ட்டருக்கும் நடுவில் ஆட்கள் நடக்கிற பாதை. அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். கஸ்டமர் முன்னால் பேசிக்கொள்ள முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வேதவல்லி அம்மா ஒரு புடவையைத் தோளில் போட்டதும் பாதைக்கு அப்பால் பார்ப்பார். நன்றாக இருந்தால் சபீனா தன் காதுத் தொங்கட்டானைத் தொடுவார். நன்றாக இல்லையென்றால் மூக்கு நுனியைச் சொறிவார். கண்ணாடி இல்லாத குறை அதோடு தீர்ந்தது.

"பொய்யே சொல்ல மாட்டா. ஒரு தீபாவளிக்கு எனக்குன்னு ஒரு கிளிப்பச்சைப் புடவை எடுத்து வச்சேன். போட்டுக் காட்டினேன். மூக்கச் சொறிஞ்சா. வேற மாதிரி மடிச்சுப் போட்டுக் காட்டினேன். மறுபடியும் சொறிஞ்சா. எனக்கு வீம்பு வந்துடுத்து. போடின்னு வாங்கிட்டேன். வீட்டுல கட்டிண்டு கேட்டா ஹவ்னார். ரெண்டு தடவதான் கட்டியிருப்பேன். அவ சொன்னதுதான் சரி, அந்தப் பச்சையில நான் காமாலை வந்தவ மாதிரி இருந்தேன்."

ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்கு வந்தபோது ஷட்டர் திறக்கவில்லை. ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மத்தியானம்வரை ரோட்டில் நின்றார்கள். சபீனாவின் கணவர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார். "நாளைக்கு வந்து பாக்கலாம்டி" என்று சொல்லிவிட்டு சபீனா ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் ராஜகோபாலுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து தார்நாகாவில் வாடகை வீடு. எல்லாம் ஓய்ந்து வேதவல்லி அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போன ஞாபகத்தை வைத்து மலக்பேட்டுக்குத் தேடிப் போனபோது, அந்த வீடு கைமாறியிருந்தது. டோலிசௌக்கி பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டோலிசௌக்கி என்ன நாலு தெருவா?

"இத்தன வருஷத்துல ஒருத்தர் அட்ரஸ ஒருத்தர் வாங்கி வச்சுக்கலையா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"தினம் பாக்கறவகிட்ட யாராவது அட்ரஸ் கேப்பாங்களா? கடைதான் அட்ரஸ்."

பேத்தி சுஷ்மா ஃபேஸ்புக்கில் தேடிக் கொடுத்திருக்கிறாள். நூற்றுக்கணக்கில் சபீனாக்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ.

"நான் இருக்கற எடம்னு அவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். தேடினா இங்கதான் வருவா. இது வீடாயிடுத்து, காட்டறாங்கன்னு பேப்பர்ல பாத்தேன், அதான் வந்தேன். வீக்டேஸ்ல பிள்ளையும் மருமகளும் ஆபீஸ் போயிடுவாங்க, லீவுல பேத்தி வீட்டுல. ஞாயித்துக்கிழமைதான் எனக்கு விடுதலை." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாது ஸ்டெல்லா. பாத்தவ அவ ஒருத்திதான். அவள ஒரு தடவ பாத்துடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜூன் பிறந்ததும் சங்கருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். அவர்களோடு இவரும் போகிறார். இதைக் கடைசியாகச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சுவரைப் பார்த்தாலே கோபம் வந்தது.

அந்த வாரம்தான் அதிசயமாக ஒரு டாக்டர் வந்து 302, 303 இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டார். மே கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். எங்கள் ஆபீசும் அதோடு மூடல். அதற்கப்புறம் வாசலில் செக்யூரிட்டி நிற்பார், எந்த வீட்டுக்கு என்று கேட்பார், எந்த வீட்டையும் சொல்லத் தெரியாதவர் உள்ளே வர முடியாது. வீடு விற்றால் எனக்கு வழக்கமாகப் பசி எடுக்கும். அன்றைக்கு எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை சாவிக்கொத்தை ஒப்படைக்க சாய்கிருஷ்ணா வந்தான். டீ குடித்துக்கொண்டே அவனுடைய டூரிஸ்டுகளைப் பற்றிப் புலம்பினான்.

"ஆ ஆன்ட்டி மள்ளி வச்சிந்தி அக்கா" என்றான். அந்த ஆன்ட்டி மறுபடி வந்துவிட்டாள் என்று அர்த்தம். வியாழக்கிழமைதோறும் புர்கா போட்ட ஒரு வயதான அம்மாள் வருகிறாராம். 303-ஐத்தான் காட்டச் சொல்வாராம். சமையலறைக்குப் போய், மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். அடுப்பு எங்கே வைப்பது என்றுகூடக் கேட்டதில்லையாம். சுவரில் என்ன சினிமாவா ஓடுகிறது என்று சிரித்தான்.

நான் டீயை வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினேன். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 303-இன் சமையலறையில் அவன் சொன்ன இடத்தில் நின்று பார்த்தேன். எதிரே இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் 302-இன் ஹால். நாங்கள் சுவர் எழுப்பியது ஆட்கள் நடந்த பாதையின் மேல். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நின்று இந்தச் சுவரைப் பார்க்கிறாள், இன்னொருத்தி வியாழக்கிழமை இந்தப் பக்கம் நின்று பார்க்கிறாள். நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சாய்கிருஷ்ணா பின்னாலேயே மூச்சிரைக்க வந்து, என்ன அக்கா, தண்ணீர் கசிகிறதா என்று கேட்டான்.

பதிவில் இருந்த நம்பர்களுக்கு அடித்தேன். வேதவல்லி அம்மாவின் நம்பரில் வரங்கலில் டயர் கடை வைத்திருக்கிற ஒருவர் பேசினார். அந்த ஆன்ட்டியின் நம்பர் உபயோகத்திலேயே இல்லை. வாங்கப் போவதில்லை என்று தெரிந்தவர்கள் நம்பரை மாற்றித்தான் எழுதுவார்கள். நல்லவேளை, மறுநாள் ஞாயிறு. பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது.

வேதவல்லி அம்மா வந்தார். உட்கார வைத்துச் சொன்னேன். சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சபீனாதான்னு எப்படிச் சொல்ற?"

"வேற யாரும்மா வெறும் செவுரப் பாக்க வருவா?"

தலைமுடியைத் தடவிக்கொண்டார். "எனக்கு முன்பல்லு ரெண்டு கட்டினது. முடி கொட்டிப்போச்சு. அவ மனசுல நான் அந்தப் பட்டுப் புடவையோட நிக்கறேன் ஸ்டெல்லா. இப்ப வந்து நின்னா அதையும் அழிச்சுட்ட மாதிரி ஆயிடும். வியாழக்கிழமை பேத்திய விட்டுட்டு வர முடியாது. நக்கோ."

"இத்தன நாள் வேகாத வெயில்ல வந்தது எதுக்கு? என் ஞாயித்துக்கிழமையக் கெடுக்கவா?" என்று கத்தினேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. "இதுதான் கடைசி வியாழக்கிழமை. அடுத்த வாரம் ஆபீசும் இல்ல, நானும் இல்ல, நீங்களும் இந்த ஊர்ல இல்ல. அப்பறம் உங்க இஷ்டம்."

அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று தூணருகே நிற்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை சாய்கிருஷ்ணாவை லீவு போடச் சொல்லிவிட்டு நான் வந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் அந்த அம்மாள் வந்தார். முகத்திரையைத் தூக்கியதும் முதலில் நான் பார்த்தது காதை. கல் வைத்த தொங்கட்டான். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் திகைத்துப்போனார்.

"வேதவல்லி அம்மாவத் தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

அவர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டார். "வேதா உசுரோட இருக்காளா?"

ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார் என்று சொன்னேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கைக்கு, எதுக்கு வர்றா? ஞாயித்துக்கிழமை கடை ஏதும்மா?" என்றார். "ஆபிட்ஸ்ல அன்னிக்கு எல்லாக் கடையும் மூடி இல்ல கெடக்கும்? வியாழக்கிழமைதான் சூரத் லாரி வரும். புதுச் சரக்கு எறங்குற நாளு. மாமியார் செத்தாலும் அன்னிக்கு லீவு கெடையாது. வேதா வந்தா அன்னிக்குத்தான் வருவான்னு நான் பாட்டுக்கு வியாழனா வியாழனா வந்துட்டிருக்கேன்!"

சிரிப்பு வந்தது எனக்கு, சிரிக்க முடியவில்லை. கடை மூடிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் இவர் கடைக்கு லீவு இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். அவர் தனக்கு லீவு கிடைத்த நாளில் வந்திருக்கிறார். வேதவல்லி அம்மா இன்று வருவாரா என்று சபீனா ஆன்ட்டி கேட்டபோது, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருவார் என்றேன்.

ஒரு மணியாயிற்று. ஒன்றரை ஆயிற்று. நான் லிஃப்டுக்கும் மாடிப்படிக்குமாக நடந்தேன். சபீனா ஆன்ட்டி 303-இல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே இருந்தார். மத்தியானத் தொழுகையை அந்தச் சமையலறையிலேயே முடித்துக்கொண்டு, மறுபடி வந்து நின்றார். சாயங்காலம் மகன் வந்து கூட்டிப்போய்விடுவானாம். அடுத்த வாரம் சாவி டாக்டர் கையில். எனக்கு அழுகையாக வந்தது. வேதவல்லி அம்மாவை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மூன்று மணிக்கு மேல் லிஃப்ட் கதவு திறந்தது.

எனக்கு ஒரு நொடி ஆள் தெரியவில்லை. கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சைப் பட்டுப் புடவை. பல வருடம் பீரோவில் கிடந்த மடிப்பு அப்படியே தெரிந்தது, பாச்சை உருண்டை வாசனை ஆளுக்கு முன்னால் வந்தது. தலையில் கொஞ்சம் மல்லிகை. சுஷ்மாவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, மூன்று தடவை புடவையை அவிழ்த்துக் கட்டிக் கிளம்ப இவ்வளவு நேரமாகிவிட்டதாம்.

"இருக்காளா?" என்றார்.

"இருக்காங்க. வாங்க, 303-ல."

"அது அவ கவுன்ட்டர். நான் அங்க வரமாட்டேன். என் எடத்துக்கு வரச் சொல்லு" என்று 302-க்குள் போனார். நடு ஹாலில் செருப்பை விட்டார். தூணுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

நான் போய்க் கூப்பிட்டேன். சபீனா ஆன்ட்டி 302-இன் வாசலைத் தாண்டி வந்ததும் நின்றுவிட்டார். வேதவல்லி அம்மாவின் முகவாய் மெல்ல நிமிர்ந்தது. மணப்பெண் வீட்டார் எதிரில் உட்கார்ந்திருப்பது போல, முந்தானையை இடது கையில் முழு நீளத்துக்கும் விரித்துக் காட்டினார். சபீனா ஆன்ட்டி பின்னாலேயே நகர்ந்து போய், எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்று, அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். நரைத்த முடி, கட்டின பல், சுருங்கின கை, ஒன்று விடாமல் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் கை மேலே எழுந்தது. தொங்கட்டானுக்குப் போகும் என்று நான் காத்திருந்தேன். அது மூக்கு நுனிக்குப் போயிற்று. மெதுவாகச் சொறிந்தார்.

"அன்னிக்கே சொன்னேன் இல்ல, இந்தப் பச்ச உனக்கு நக்கோன்னு" என்றார்.

வேதவல்லி அம்மாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அதைத் துடைக்கவில்லை, கையில் முந்தானை இருந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லுடி" என்று அதை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார்.